கூழைக்கடாவுக்குப் பின்னால் இருந்த படகு

கண்ணு,

நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நேற்று நீ போட்டதைப் படித்தேன். "சித்தப்பா, மனசுல வெச்சுக்காதீங்க. அம்மா இனிமே கேமராவ எடுத்துக்கினு ஏரிக்கரைக்குப் போவமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு." அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள். அதற்கும் கீழே உன் மாமன்கள், அத்தைகள், சென்னையில் இருப்பவர்கள், ஆரம்பாக்கத்தில் இருப்பவர்கள் என்று எல்லாரும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். என்னை ஒருவர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. என் காலுக்கும் கண்ணுக்கும் நீ எப்போது பொறுப்பெடுத்தாய் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால், போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பேன். ஆனால் நீ எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாய். எனவே நானும் எல்லார் எதிரிலும்தான் பதில் சொல்ல வேண்டும். இதே குழுவில் போடுகிறேன். பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், எழுத உட்கார்ந்தால் சீக்கிரத்தில் எழுந்திருக்கமாட்டேன். நீளமாக இருக்கிறதே என்று விரலால் தள்ளிவிட்டுப் போகாதே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்திருக்க வேண்டாம். நான் போவேன். நாளைக் காலையும் போவேன், கேமராவோடுதான் போவேன். உன் சித்தப்பாவிடம் மன்னிப்பும் கேட்கமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் ஆறினாலும் பதில் இதுதான்.

கார்த்திகாவைப் போன மாதம் நீ இந்தக் குழுவில் சேர்த்தாய். வரப்போகிற மருமகள். பொன்னேரியில் வளர்ந்த பெண், ஏரியைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள். எதற்காக இவ்வளவு ரகளை என்று அவளுக்குப் புரிந்திருக்காது. அவளுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கும் இது நல்லதுதான், ஏனென்றால் நீ உன் சித்தப்பா வாயிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறாய்.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அந்தக் கரையில் நடந்தவள்தான். பால்வாடிக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு கையில் பிள்ளைகளுக்கு முட்டை, இன்னொரு கையில் ரிஜிஸ்டர் பை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறு என்று போவேன். பக்கத்துத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம் நிற்கும். ஓரக்கண்ணில் ரோஸ் நிறமாக ஏதோ தெரியும். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நம் குப்பத்தில் ஒரு பொம்பளை கரையில் சும்மா நின்றால் காரணம் இரண்டுதான் இருக்க முடியும் என்பார்கள். ஒன்று, புருஷன் போன படகு இன்னும் திரும்பவில்லை. இல்லாவிட்டால் புருஷனோடு சண்டை. அழகாக இருக்கிறது, அதனால் நிற்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்கே தோன்றியதில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ரிட்டயர் ஆன மறுநாள் பழக்கதோஷத்தில் குளித்து, தலைவாரி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழியில்தான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது உறைத்தது. திரும்பி வீட்டுக்குப் போகவும் மனசு வரவில்லை. நின்றேன். நின்றால் கண்ணுக்கு ஏதாவது தெரியத்தானே செய்யும்? ஒரு நீர்க்காகம் வலைக்கம்பின் மேல் உட்கார்ந்து, துவைத்த சேலையை உலர்த்துவதுபோல இரண்டு இறக்கையையும் விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. வெயில் ஏறி என் கழுத்து வியர்க்கிறவரை அதையே பார்த்தேன். இத்தனை வயசுக்குப் பிறகு எனக்கு அந்தக் காகத்தின் மேல் பொறாமையாக இருந்தது என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பிறகுதான் பீரோவில் கிடந்த உன் கேமராவை எடுத்தேன். காலேஜில் அடம்பிடித்து வாங்கினாயே, யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறேன் என்று பழவேற்காட்டு டச்சுக்காரன் கல்லறையை நாலு நாள் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு மறந்துபோனாயே, அதுதான். எப்படி எடுப்பது என்று போனில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நீதான். "பாதி அழுத்தும்மா, பச்சைக் கட்டம் வரும். அப்பறம் முழுசா அழுத்து." அழுத்தினேன். "இன்னாடா, ஒரே இருட்டாக்கீது?" என்றேன். "எம்மா, முன்னால மூடி இருக்கும், அத்தக் கழட்டு" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். முதல் மாதம் நான் எடுத்ததெல்லாம் பறவை போன பிறகு மிச்சமிருந்த வானம். மெதுவாகத்தான் பிடிபட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உப்புச் சேற்றில் முளைக்கிற உமிரிச் செடிப் பக்கம் குந்திவிட வேண்டும். அசையக் கூடாது, தும்மக் கூடாது. கொஞ்ச நேரத்தில் நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். சிவப்புக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து உள்ளான் குருவிகள் கிட்ட வரும். ஆலாப் பறவை மீனுக்காகத் தலைகுப்புறத் தண்ணீரில் விழும்போது பட்டனை அழுத்தினால், பத்துக்கு ஒன்று தேறும். அந்த ஒன்று தேறுகிற அன்று மத்தியானம் வைக்கிற குழம்புகூட எனக்கு ருசியாக இருக்கிறது.

போகிற வழியில் கிண்டலுக்கும் பஞ்சமில்லை. நண்டு பிரிக்கிற பொம்பளைகள் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். "டீச்சரக்கா, கொக்குக்குப் பவுடர் போட்டு வுட்டியா?" "நாரைக்கு ஆதார் கார்டு போட்டா எடுக்கறாங்கடி." நானும் சும்மா விடுவதில்லை. "உன்னயும் எடுக்கறன் வாடி, ஆனா மூக்கு ஃபிரேமுக்குள்ள அடங்கணுமே" என்பேன். நடக்க ஆரம்பித்த பிறகு சர்க்கரை குறைந்திருக்கிறது, டாக்டரம்மா சொன்னார். நீ சொந்தக்காரர்களிடம் அதைத்தான் சொல்லி வந்தாய். "அம்மா ஒடம்புக்காக நடக்கறாங்க." அப்படிச் சொன்னால் மரியாதையாக இருக்கிறது, இல்லையா? இன்றைக்கு நான் அதைத் திருத்துகிறேன். உடம்புக்காக நான் போகவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, போகிறேன். சர்க்கரை ஏறினாலும் போவேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். வாடைக்காற்று அடங்கியிருந்த காலை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி வந்து, யாரோ விசில் ஊதியதுபோல எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தண்ணீருக்குள் விட்டு அள்ளின. அந்த நொடி எனக்குக் கிடைத்தது. அலகிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வீட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை. கரையில் உட்கார்ந்தபடியே போனுக்கு மாற்றி, குப்பத்துக் குழுவிலும் நம் குழுவிலும் "காலை வணக்கம்" என்று போட்டேன். மற்றவர்கள் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார்கள், நான் பறவை போட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான். முதலில் பூங்கொத்தும் கைதட்டலும் வந்தன. அப்புறம் திடீரென்று குப்பத்துக் குழு ஊமையாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் எல்லம்மா வந்தாள். முனுசாமி பெண்சாதி. மாமியார் செத்து வீட்டில் இன்னும் காரியம் முடியவில்லை, யார் வீட்டுக்கும் போகக் கூடாதவள், என் வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றாள். "டீச்சரக்கா, அந்தப் படத்தப் பெருசாக்கிப் பாரு. பறவயப் பாக்காத. பின்னால பாரு." பெருசாக்கிப் பார்த்தேன். பறவைகளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு படகு. முனையில் மஞ்சள் பட்டை. அதை அடித்தவர் உன் நைனா. அவர் போன பிறகு அந்தப் படகு உன் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. ஆட்கள் தண்ணீரில் இறங்கி வலைக்கம்பு ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் வழக்கமாக உட்காரும் இடம் ஊருக்கே தெரியும். படகுக்கு நேர் பின்னால் லைட்ஹவுஸ் கோடு போட்டதுபோல நிற்கிறது. நடு ஏரியில் எந்த இடம் என்பதை நம் ஆட்கள் கரையில் எது எதற்கு நேராகத் தெரிகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் என் படம் விலாசம் எழுதிய கவர்தான். இடம் தெரிகிறது, படகு தெரிகிறது, காலையில் போட்டதால் நாளும் தெரிகிறது. குப்பத்தில் ஒருவர்கூடக் கூழைக்கடாவைப் பார்க்கவில்லை.

கார்த்திகா, ஏரியில் வலை கட்டுகிற இடத்தைப் பாடு என்பார்கள். எல்லாப் பாட்டிலும் இறால் ஒரே மாதிரி விழாது. அதனால் எந்தப் பாடு எந்த நாளில் எந்தக் கூட்டத்துக்கு என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும், மோசமான இடமும் சுற்றி வரும். இதில் இன்னொன்று உண்டு. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அந்தக் கூட்டம் ஏரியில் இறங்காது. அந்த நாளில் அவர்கள் பாடு சும்மா கிடக்கும். வேறு ஒருவரும் அதில் கம்பு ஊன்றக் கூடாது. காரியம் முடிந்ததும் அந்த முறை அவர்களுக்கே திரும்பி வரும். அன்றைக்கு அந்தப் பாடு முனுசாமி கூட்டத்துடையது. அவன் தாயைப் புதைத்த ஈரம் காயாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். சும்மாதானே கிடக்கிறது என்று உன் சித்தப்பா கட்டிவிட்டார்.

அம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. உன் சித்தப்பா மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் ஆண்பிள்ளைதான். "ஆமா, கட்டனேன். வீணாப் போற தண்ணிதானே? எறா இன்னா, முனுசாமி வூட்ல காரியம் முடியட்டும்னு நின்னுக்கினு இருக்குமா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. அடுத்து வரும் முறை உன் சித்தப்பாவுக்குக் கிடையாது, அது முனுசாமி கூட்டத்துக்கு என்று தீர்ந்தது. அத்தோடு கலைந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஒருவர் எழுந்து, "இந்த போட்டா புடிக்கறதால ஊருக்குள்ள சண்ட வருது. இனிமே நம்ம குப்பத்துப் பொம்பளைங்க யாரும் கேமரா எடுத்துக்கினு கரைக்குப் போவக் கூடாது" என்றார். சரி சரி என்று தலைகள் ஆடின. யோசித்துப் பார். அடுத்தவன் பாட்டில் வலை கட்டியவனுக்கு ஒரு முறை போச்சு. படம் எடுத்தவளுக்கு ஆயுசுக்கும் போச்சு.

ஆண்கள் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே பொம்பளைகள் நாங்கள் நின்றிருந்தோம். அங்கிருந்தபடியே கேட்டேன். "ஏரி பாடு உங்களுது. முறை உங்களுது. கரையில நடக்கறதுக்கும் முறை வெச்சுக்கீறீங்களா? எனக்கு எந்தக் கிழமைன்னு சொல்லுங்க." உன் சித்தப்பா திரும்பி, "அண்ணி, ஆம்பளைங்க பேசற எடம் இது" என்றார். "இங்க உக்காந்துக்கீற பாதி ஆம்பளைங்களுக்கு மூக்கு தொடச்சு வுட்டவ நான். எனக்கு எந்த எடம்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து கார் கட்டி வருகிறார்களே, பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்துக்கொண்டு, அவர்களை இதே ஊர் என்ன செய்கிறது? படகில் ஏற்றிப் பூநாரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறது. உன் சித்தப்பாவே அழைத்துப் போகிறார். "சார், இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்கும்" என்று இடம்கூடச் சொல்கிறார். அவர்கள் படத்திலும் படகு விழுகிறது, வலை விழுகிறது, ஆள் விழுகிறான். ஆனால் அவர்களுக்கு முறை தெரியாது. பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நம் வீட்டுப் பொம்பளை பார்த்தால்தான் வம்பு, ஏனென்றால் அவளுக்குப் பார்ப்பது என்னவென்று புரிந்துவிடும். அவர்கள் பயப்படுவது கேமராவுக்கு இல்லையடா.

கூட்டம் முடிந்து உன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, "அண்ணி, நீங்க எடுத்தது தப்பில்ல. போட்டது தப்பு. அண்ணன் படக அண்ணன் பொண்டாட்டியே காட்டிக் குடுத்துட்டாங்கன்னு ஊரே பேசுது. மன்னிப்புக் கேட்டு அந்தக் கேமராவ உள்ள வைங்க. இல்லாங்காட்டி புள்ள கல்யாணத்துல நான் மேடை ஏறமாட்டன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உன் நைனா படுத்துக் கிடந்தபோது குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர் இவர். அவர் போன பிறகு மீன் இல்லாமல் நம் அடுப்பு எரியவிடாதவர். உன் சித்தி வசந்தா கையில் சட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தான் வந்து நின்று காட்டிக்கொள்ளக்கூடமாட்டார். அந்த நன்றி என் உடம்பில் கடைசி மூச்சு வரை இருக்கும். ஆனால் நன்றி என்பது வாயில் அடைத்துக்கொள்கிற துணி இல்லை. தின்ற மீனுக்காக முனுசாமி பாட்டை அவருடையது என்று என்னால் சொல்ல முடியாது.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? பதினொன்றாம் வகுப்பில் கணக்கில் நீ பெயிலானபோது இதே சித்தப்பாதான் வந்து, "படிப்பு ஏறல அண்ணி, படகுல ஏத்திடலாம்" என்றார். உன் நைனாவும் பேசாமல் இருந்தார், அதாவது சம்மதம். நீ கதவுக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்தாய். நான் முடியாது என்றேன். "இவன் படிக்கறான். திரும்ப எழுதறான்" என்றேன். குடும்பத்தில் பெரிய சண்டை. தீபாவளிக்குக்கூட அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. திமிர் பிடித்தவள் என்று உன் அத்தைகள் எல்லாரும் பேசினார்கள், இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், கேட்டுப் பார். அன்றைக்கு என் திமிர் உனக்கு இனித்தது. அந்தத் திமிரைத் தின்றுதான் நீ இஞ்சினியர் ஆனாய். அதே திமிர் இன்றைக்கு எனக்காக எழுந்து நிற்கும்போது மட்டும் உனக்குக் கசக்கிறதா? உனக்காகப் பிடிவாதம் பிடித்தால் நான் நல்ல தாய், எனக்காகப் பிடித்தால் கிறுக்கு. நன்றாக இருக்கிறதடா உன் கணக்கு. பெயில் போட்ட வாத்தியார் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். சித்தப்பா திரும்பிப் போன அன்று சாயங்காலமே அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிட்டேன். பயந்துவிட்டேன். உன் கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்று. மறுநாள் எல்லம்மா மறுபடியும் அதே தெருவில் வந்து நின்றாள். "ஏன்கா அழிச்ச? அப்ப நீ காட்டுனது பொய்யின்னு ஆவாதா? எங்க முறை திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் படம்தான்கா சாட்சி" என்றாள். அவள் மாமியாரை நான் அறிவேன். நண்டு கடித்த விரலில் துணி சுற்றிக்கொண்டே என் பால்வாடிக்குப் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவள். அவள் செத்துப்போனதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்ட காரியத்தை நான் சேர்ந்து மூடியிருக்கிறேன். எல்லம்மா நிற்கும்போதே போனை எடுத்துப் படத்தை மறுபடி போட்டேன். இந்தத் தடவை காலை வணக்கம் சொல்லவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் இருந்தால் எப்படி? சொல்கிறேன். இன்னொருத்தர் சார்பில் வாக்குக் கொடுக்காதே. அந்த இன்னொருத்தர் உன்னைப் பெற்றவளாக இருந்தாலும் சரி, உன் பக்கத்தில் படுக்கிறவளாக இருந்தாலும் சரி. "கார்த்திகா வருவா", "கார்த்திகா செய்வா", "கார்த்திகா அதெல்லாம் கேக்கமாட்டா" என்று உன் வாயில் சரளமாக வரும். நம் வீட்டு ஆண்களுக்கு அது பரம்பரை. உன் நைனாவும் நல்லவர்தான், என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் என் கருத்தை எல்லாம் அவரே எல்லாரிடமும் சொல்லிவிடுவார். எனக்குச் சுண்டக்குழம்பு பிடிக்காது என்று அவர்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். எனக்கு உயிர். அவர் போன பிறகுதான் ஆசைதீர வைத்துச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அவளுக்கும் ஏதோ ஒன்று பிடித்திருக்கும். பத்து காசுக்குப் பிரயோஜனம் இல்லாததாக இருக்கும். பாட்டோ, கோலமோ, மொட்டை மாடியில் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதோ. "இதால இன்னா பிரயோஜனம்?" என்று கேட்காதே. கூட உட்கார முடிந்தால் உட்கார். முடியாவிட்டால் காபி போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்து போ. நிச்சயதார்த்தத்தின்போது அவள் என்னிடம், "அத்தை, நீங்க பறவை எடுக்கறப்போ ஒரு நாள் நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாய். "அங்க ஒரே சேறு, ஒனக்கு ஒத்துவராது" என்று அவளுக்கும் நீயே பதில் சொன்னாய். கார்த்திகா, சேறுதான். கணுக்கால் வரை இருக்கும். கழுவினால் போய்விடும். வா.

கடைசியாக மேடை விஷயம். உன் நைனா போன பிறகு நல்ல காரியங்களில் நான் பின்னால் போய்விட்டேன். யாரும் போ என்று சொல்லவில்லை. நானேதான் ஒதுங்கினேன், சொல்வதற்கு முன்னால் போய்விட்டால் மரியாதை மிஞ்சும் என்று. நிச்சயதார்த்தத் தட்டைச் சித்தப்பாவும் வசந்தாவும் மாற்றிக்கொண்டபோது நான் பந்தி நடக்கிற இடத்தில் சாம்பார் வாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்திலும் பெற்றவர்கள் இடத்தில் அவர்கள்தான் நிற்பார்கள் என்று நீயும் நானும் பேசாமலே ஒத்துக்கொண்டோம். அதைக் காட்டித்தான் இப்போது அவர் என்னை மிரட்டுகிறார். நீயும் பயந்து எழுதிவிட்டாய். அந்த இடம் காலியாகிவிடும் என்று இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். அது எப்படிக் காலியாகும்? நான் சாகவில்லையே.

சித்தப்பா வரட்டும். வசந்தா வரட்டும். அவர்கள் பக்கத்தில் நின்று அட்சதை போடட்டும், எனக்குச் சந்தோஷம்தான், நான் ஒருவரையும் தள்ளவில்லை. வராவிட்டாலும் முகூர்த்தம் தவறாது. பொன்னேரி மண்டபத்தில் ஐயர் மாப்பிள்ளையைப் பெற்றவர்களைக் கூப்பிடுவார். அப்போது நான் சாம்பார் வாளிப் பக்கம் இருக்கமாட்டேன். முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டதும் எழுந்து வருவேன். யாராவது முணுமுணுப்பார்கள், யாராவது முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். அந்த மேடைப் படிகள் உயரம், என் முட்டிக்குச் சிரமம். நீ மணையிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தால் பிடித்துக்கொண்டு ஏறுவேன். கொடுக்காவிட்டாலும் ஏறுவேன்.

அம்மா